தானியமும் குதிரையும்: திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில் (1751–1754) தீனி திரட்டலும் படை நகர்வும்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழகத்தில் நிகழ்ந்த போர்களை எழுதியோர் பெரும்பாலும் ஆற்காட்டிலிருந்தே தொடங்குவர். 1751-ஆம் ஆண்டு இராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையை ஐம்பது நாள் காத்து நின்ற நிகழ்ச்சி, வரலாற்றுப் பாடநூல் ஒவ்வொன்றிலும் தவறாமல் இடம்பெறுகிறது. ஆயின் கிளைவ் ஆற்காட்டுக்குச் சென்றதே திருச்சிராப்பள்ளியின் மீதிருந்த அழுத்தத்தைக் குறைப்பதற்காகத்தான். ஆற்காட்டு முற்றுகை ஐம்பது நாளில் முடிந்தது. திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த போராட்டமோ, இடையே ஓய்ந்த சில மாதங்கள் நீங்கலாக, மூன்றாண்டுகளுக்கும் மேல் நீடித்தது. அம்மூன்றாண்டுகளில் நிகழ்ந்த படை நகர்வுகளுள் பெரும்பாலானவை கோட்டையைப் பிடிப்பதற்காகவோ எதிரியை அழிப்பதற்காகவோ மேற்கொள்ளப்பட்டவை அல்ல. அரிசி, கொள்ளு, வைக்கோல், விறகு ஆகியவற்றைக் கொண்டு சேர்ப்பதற்காகவும், எதிரி அவற்றைக் கொண்டு சேர்ப்பதைத் தடுப்பதற்காகவும் மேற்கொள்ளப்பட்டவை. இக்கட்டுரை அந்நகர்வுகளையே நோக்குகிறது.

இப்போரைப் பற்றி நமக்கு விரிவாகக் கிடைக்கும் ஆங்கில வரலாறு, அஞ்சுதெங்கில் பிறந்து கிழக்கிந்தியக் கும்பினியில் பணியாற்றிய இராபர்ட் ஓர்மே எழுதியது. அதன் முதல் தொகுதி 1763-இல் வெளிவந்தது. இலண்டனில் ஆய்வு மாணவராக இருந்த நாள்களில் இந்நூலை முதன்முறை படித்தபோது, போர்க்கள விவரணைகளில் மட்டுமே என் கவனம் நின்றது. பொதிமாடுகளைப் பற்றிய பத்திகளைப் புரட்டித் தள்ளிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து வகுப்பில் பாடம் நடத்துவதற்காக மீண்டும் அந்நூலை எடுத்தபோதுதான், நான் புரட்டித் தள்ளிய பத்திகளே போரின் காரணத்தை விளக்குவன என்பது தெளிவாயிற்று.

உள்நாட்டுப் போர் எனலாமா?

வரலாற்றாசிரியர்கள் இதனை இரண்டாம் கருநாடகப் போர் என்பர். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையிலான போட்டியின் ஒரு கட்டம் எனவும் விளக்குவர். அவ்விளக்கம் அரைகுறையானது. 1748-ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின் ஐரோப்பாவில் அவ்விரு நாடுகளும் அமைதி நிலையில் இருந்தன. இங்கு நடந்தது ஆற்காட்டு நவாப் பதவிக்கான வாரிசுரிமைப் போர். ஒருபுறம், 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் கொல்லப்பட்ட அன்வருத்தீன்கானின் மகன் முகம்மது அலி. மறுபுறம், முந்தைய நவாபாகிய தோஸ்த் அலிகானின் மருமகன் சந்தா சாகிப். இரு கும்பினிகளும் இருவருக்கும் துணைப்படைகளாகவே களமிறங்கின. தஞ்சை மராட்டிய அரசர், புதுக்கோட்டைத் தொண்டைமான், பாளையக்காரர்கள், மைசூர் அரசு, குத்திக் கோட்டையின் மராட்டியத் தலைவர் முராரி ராவ் என ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்தனர். சிலர் இடையிலே பக்கம் மாறினர். ஒரே நாட்டின் வரி செலுத்தும் குடிகள் இரு நவாபுகளின் பெயரால் வந்த இரு தண்டலாளருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உள்நாட்டுப் போரின் இலக்கணம் இதற்குப் பொருந்தவே செய்கிறது.

திருச்சிராப்பள்ளி அதற்கு முன்பே பல கைகள் மாறிய நகரம். 1736-இல் இராணி மீனாட்சியிடமிருந்து சந்தா சாகிப் அதனைக் கைப்பற்றினார். 1741-இல் மராட்டியர் அவரைச் சிறைப்பிடித்துச் சென்றபின், 1743 வரை நகரை ஆண்டவர் மேற்குறித்த முராரி ராவே. ஆகவே 1752-இல் அவர் தம் குதிரைப்படையுடன் மீண்டும் அவ்வெளிக்கு வந்தபோது, ஊர்களும் ஏரிகளும் வழித்தடங்களும் அவருக்குப் புதியனவாக இருந்திரா. இதனை ஆங்கில நூல்கள் போதிய அளவு கருத்தில் கொள்வதில்லை.

குதிரையின் வயிறு

நம் புறத்திணை மரபு போரை ஆநிரை கவரும் வெட்சியிலிருந்து தொடங்குகிறது. பகைவர் நாட்டை எரியூட்டிப் பாழாக்குதலை வஞ்சித்திணையின் துறைகளுள் வைக்கிறது. உணவு ஆதாரத்தைத் தாக்குதல் போரின் முதற்படி என்னும் அறிவு அம்மரபில் வெளிப்படையாகவே உள்ளது. பிற்கால வரலாற்று எழுத்தில் அது மங்கிப்போயிற்று.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். போர்ப்பணியிலுள்ள ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு மூன்று கிலோ கொள்ளு என மிகக் குறைவாகவே வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் குதிரைகள் உள்ள பாளையத்திற்கு நாள்தோறும் 30,000 கிலோ கொள்ளு வேண்டும். ஒரு பொதிமாடு நூறு கிலோ சுமக்கும் எனக் கொண்டால், கொள்ளுக்காக மட்டும் நாள்தோறும் 300 மாடுகள் வந்து சேரவேண்டும். இது தானியம் மட்டுமே. புல்லும் வைக்கோலும் இதைப்போல இரு மடங்குக்கு மேல் எடையுள்ளவை. அவற்றைத் தொலைவிலிருந்து சுமந்து வருதல் இயலாது. அருகிலுள்ள நிலத்திலிருந்தே பெறவேண்டும். சுமக்கும் மாடுகளும் உண்ணும் என்பதையும் மறக்கலாகாது. அக்காலத்துத் தென்னிந்தியப் படைகளில் குதிரை வீரன் தனித்து வருவதில்லை. குதிரையைப் பேணுபவனும் புல்லறுப்பவனும் உடன் வருவர். கோடையில் தரைக்கு மேல் புல் இல்லாதபோது புல்லறுப்போர் அருகம்புல்லின் வேரைத் தோண்டி எடுத்து, மண்ணைத் தட்டிக் கழுவிக் குதிரைக்கு இடுவர். இவ்வாறு பல்லாயிரம் குதிரைகள் ஓரிடத்தில் சில வாரங்கள் நின்றால், சுற்றியுள்ள நிலம் வேரோடு வெறுமையாகும். பின்னர்ப் புல்லறுப்போர் நாள்தோறும் மேலும் சில கல் தொலைவு செல்லவேண்டும். அவர்களுக்குக் காவலாகக் குதிரை வீரர் செல்லவேண்டும். அக்காவற்குழு எதிரியின் கண்ணில் பட்டால் மோதல் நிகழும். வரலாற்று நூல்களில் 'சிறு கைகலப்பு' என ஒரே வரியில் முடியும் நிகழ்ச்சிகள் பலவற்றின் பின்னணி இதுவே.

மராட்டியக் குதிரை வீரர்களைப் பற்றியும் ஒரு செய்தி கூறவேண்டும். அவர்களுள் பலர் 'சிலேதார்' எனப்படுவோர். குதிரை அவர்களுடைய சொந்த உடைமை. அரசின் குதிரையில் ஏறிப் போரிடும் 'பார்கீர்' குதிரையை இழந்தால் இழப்பு அரசுக்கு. சிலேதார் இழந்தால் அவன் முதலே போயிற்று. அத்தகையோர் பீரங்கியின் முன் நேராகப் பாய்வதைத் தவிர்த்ததை ஆங்கில ஆசிரியர்கள் கோழைத்தனம் எனக் குறிப்பர். தன் ஏர்மாட்டை யார்தான் நெருப்பில் இறக்குவர்? பொதிமாட்டு வரிசையைத் தாக்குவதில் ஆபத்து குறைவு, ஆதாயம் மிகுதி. ஆகவே அவர்கள் வழிகளைக் காப்பதிலும் மறிப்பதிலும் வல்லவராயினர். அதுவே இப்போரில் தேவைப்பட்ட திறமையுமாகும்.

நிலமும் வழிகளும்

திருச்சிராப்பள்ளிக் கோட்டை காவிரியின் தென்கரையில் உள்ளது. அதற்கு வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில் திருவரங்கத் தீவு. கொள்ளிடத்தின் வடகரையில் சமயபுரம், ஊட்டத்தூர், வாலிகண்டபுரம் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் பாதை. பிரெஞ்சுக்காரரின் உயிர்நாடி அதுவே. கிழக்கே தஞ்சை, நெல்வளம் மிக்க நாடு. மேற்கே கரூர் வழியாக மைசூர்ப் பாதை. நகருக்குத் தெற்கே ஆங்காங்கே பாறைக்குன்றுகள் முளைத்த திறந்தவெளி. அவ்வெளி குதிரைப்படைக்கென்றே சமைத்தது போன்றது. இன்று தொடருந்துப் பணிமனையால் அறியப்படும் பொன்மலை அக்குன்றுகளுள் ஒன்று. வெளிக்கு அப்பால் தொண்டைமானின் புதுக்கோட்டை நாட்டுக் காடுகள். அக்காடுகளில் குதிரைப்படை விரிந்து இயங்க இயலாது.

இந்நில அமைப்பை மனத்தில் கொண்டால் போரின் போக்கு எளிதில் விளங்கும். 1752-இல் லாரன்சும் கிளைவும் திருச்சிக்கு வந்து சேர்ந்ததும், பிரெஞ்சுப் படைத்தலைவர் லா தென்கரையை விட்டுத் திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கினார். பின்வாங்கும் அவசரத்தில் பெருமளவு உணவுப் பொருளைத் தாமே எரித்துவிட்டுச் சென்றார். கிளைவ் சமயபுரத்தில் பாளையமிறங்கிப் புதுச்சேரிப் பாதையை அடைத்தார். இலால்குடியில் இருந்த தானியக் கிடங்கும் கோவிலடியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. இதன்பின் பெரும்போர் எதுவும் தேவைப்படவில்லை. தீவுக்குள் அடைபட்ட சந்தா சாகிபின் வீரர்கள் பசியாலும் கூலியின்மையாலும் கலைந்தனர். அவருட் சிலர் எதிர்ப்படையிலேயே சேர்ந்துகொண்டனர். 1752 ஜூனில் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டார்.

போர் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மைசூர் சர்வாதிகாரி நஞ்சராஜரின் உதவியைப் பெறுவதற்காக, வெற்றிக்குப் பின் திருச்சியையே அவருக்குத் தருவதாக முகம்மது அலி வாக்களித்திருந்தார். வென்றபின் வாக்கை மறுத்தார். நேற்றுவரை நண்பராக இருந்த நஞ்சராஜரும் முராரி ராவும் இப்போது பகைவராயினர்; பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்தனர். பொறியில் அடைபட்டோரும் அடைத்தோரும் இடம் மாறினர்.

வெறுங்கிடங்கு

லாரன்சின் படை கடற்கரைப் பக்கம் சென்றபின், நகரைக் காத்தவர் தளபதி டால்டன். மைசூர்க் குதிரைப்படை தெற்குவெளியில் பாளையமிறங்கி, நகருக்குள் தானியம் வரும் வழிகளை அடைத்தது. அரிசி கொண்டுவந்த குடியானவர்களைப் பிடித்து மூக்கை அறுத்து அனுப்பினர். திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படை மதுரை நாட்டில் நடத்திய மூக்கறுப்புப் போரைத் தமிழாசிரியர்கள் அறிவர். நூறாண்டுக்குப் பின்னும் அவ்வழக்கம் தொடர்ந்தது.

1753-ஆம் ஆண்டு ஏப்ரலில் டால்டன் நகரின் தானியக் கிடங்கைப் பார்வையிடக் கேட்டார். பல மாதங்களுக்குப் போதுமான இருப்பு உண்டு என அதுவரை கூறிவந்தவர், கிடங்கின் பொறுப்பிலிருந்த கைருத்தீன்கான், நவாபின் உறவினர். உண்மையில் தட்டுப்பாட்டுக் காலத்தில் விலை ஏறியதும் அவர் தானியத்தை நகர மக்களுக்கே விற்றுவிட்டிருந்தார். எஞ்சியது சில வாரங்களுக்கே போதும். மூன்றாண்டுப் போரில் நகரம் வீழ்ச்சிக்கு மிக அண்மையில் வந்த தருணம், என் கணிப்பில், இதுவே. அதனை உண்டாக்கியது எதிரியின் பீரங்கி அன்று, ஒரு கணக்கேடு.

செய்தி எட்டியபோது லாரன்ஸ் திருவதிகையில் இருந்தார். அவருடைய நிலையும் மேலானதன்று. அங்கும் முராரி ராவின் குதிரை வீரர்கள் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து வரும் உணவு வரிசைகளை ஓயாமல் தாக்கிவந்தனர். ஒவ்வொரு முறையும் தம் முழுப்படையையும் நடத்திச் சென்று அரிசி மூட்டைக்குக் காவலாகத் திரும்பி வருவதே அத்தளபதியின் பணியாக இருந்தது. செய்தி கிடைத்ததும் அவர் கடுங்கோடையில் தஞ்சை வழியாகத் திருச்சிக்கு விரைந்தார். வெயிலில் பலர் மாண்டனர். மே மாதத்தில் நகரை அடைந்தபோது நோயாளிகள் மருத்துவமனையை நிரப்பினர்.

இதன்பின் 1753-இல் தெற்குவெளியில் நடந்த மூன்று போர்களை ஆங்கில நூல்கள் விரிவாகப் பாராட்டும். ஆண்டின் நடுவில் பொன்மலையில் முதற்போர். அதில் முராரி ராவின் மைத்துனர் பாலப்பா இறந்தார். ஆகஸ்டில் இரண்டாம் போர். செப்டம்பரில் மூன்றாவது; அதில் பிரெஞ்சுத் தளபதி ஆஸ்த்ரூக் சிறைபட்டார். இப்போர்களின் வீரத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அவை ஏன் அவ்விடங்களில் நடந்தன என்று கேட்டால் விடை வேறாகிறது. லாரன்ஸ் பக்கிரித் தோப்பில் பாளையமிறங்கியது, தொண்டைமான் நாட்டிலிருந்து வரும் தானியத்தைக் காப்பதற்காக. எதிரிகள் அவருக்குத் தெற்கேயிருந்த குன்றுகளைப் பிடித்தது, அவ்வழியை அறுப்பதற்காக. ஆகஸ்டுப் போரோ, தஞ்சையிலிருந்து ஆயிரக்கணக்கான பொதிமாடுகளுடன் லாரன்ஸ் திரும்பி வரும் வழியை மறிக்க எதிரிகள் அணிவகுத்ததால் விளைந்தது. போரிடும் படையின் பின்னே அத்தனை மாடுகளும் நின்றன. மாடுகள் நகருக்குள் சென்று சேர்ந்தனவா என்பதே அன்றைய வெற்றியின் அளவுகோல்.

அப்போர்களில் ஆங்கிலேயரிடம் சொந்தக் குதிரைப்படை ஏறக்குறைய இல்லை. மானோஜியின் தலைமையில் வந்த தஞ்சைக் குதிரைப்படையே அக்குறையை நிரப்பியது. செப்டம்பர் வெற்றிக்குப்பின் மழைக்காலம் நெருங்கியதும் அப்படை ஊர் திரும்பிவிட்டது. லாரன்சும் உணவு எளிதில் கிடைக்கும் கோவிலடிக்குச் சென்றார். நவம்பர் இறுதியில் பிரெஞ்சுப் படை ஓர் இரவில் கோட்டை மதிலில் ஏறித் தாக்கித் தோற்றது. அதன்பின் எதிரிகளின் கவனம் முழுவதும் மீண்டும் வழிகளின்மேல் திரும்பியது.

கிள்ளனூர்ப் பாதை

தொண்டைமானின் எல்லைக்குள் காட்டின் நடுவே அமைந்த கிள்ளனூரே தானியம் திரட்டும் இடமாயிற்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்து அங்கே நெல்லும் அரிசியும் ஆடுமாடும் வந்து சேரும். நகரிலிருந்து காவற்படை இரவில் புறப்பட்டு எதிர்சென்று, பொதிமாடுகளை அழைத்துவரும். காட்டுக்குள் அச்சமில்லை. காட்டின் ஓரத்திலிருந்து நகர் வரையிலான திறந்தவெளியே ஆபத்தானது. அதனை இருளில் கடக்கவேண்டும். அக்காட்டுப் பாதைகளை அறிந்தவர் கள்ளர் குடியினர். ஓர்மே அவர்களைத் திருட்டுத் தொழிலினர் எனப் பொதுப்படையாக இகழ்ந்து எழுதுகிறார். அவர்களுடைய நாட்டுத் தானியத்தை உண்டே கோட்டைக்குள் ஆங்கிலப் படை உயிர்வாழ்ந்தது என்பதையும் அதே நூலில் அவரே எழுதுகிறார். இவ்விரண்டையும் அவர் இணைத்துப் பார்க்கவில்லை.

அக்குளிர்காலத்தில் பல வரிசைகள் இழப்பின்றி வந்து சேர்ந்தன. தொடர்ந்த வெற்றி கவனக்குறைவை வளர்த்தது. 1754 பிப்ரவரியில் ஒரு பெரிய வரிசை கிள்ளனூரிலிருந்து புறப்பட்டது. உணவுடன் பணமும் போர்க்கருவிகளும் அதில் இருந்தன. காவலுக்கு இருநூறுக்கு மேற்பட்ட ஐரோப்பியரும் சில நூறு சிப்பாய்களும். பொன்மலையில் ஏறிப் போரிட்ட கிரனேடியர் வீரர்கள் அவ்வைரோப்பியருள் இருந்தனர். நீண்ட மாட்டுவரிசையின் இருபுறமும் காவலர் சிறுசிறு குழுக்களாகப் பிரித்து நிறுத்தப்பட்டிருந்தனர். கூத்தைப்பாரை நோக்கி வரும் வழியில், விடியற்பொழுதில், முராரி ராவும் மைசூர்ப் படையின் அதிகாரியாக அன்றிருந்த ஐதர் அலியும் பல்லாயிரம் குதிரை வீரருடன் இருபுறத்திலிருந்தும் பாய்ந்தனர்.

நேர்ப்பாய்ச்சலைத் தவிர்க்கும் குதிரைப்படை இம்முறை ஏன் பாய்ந்தது? காவற்படையின் அமைப்பே காரணம். ஒன்றுதிரண்டு நின்ற காலாட்படையின் துப்பாக்கி வரிசையைக் குதிரை நெருங்காது. ஆனால் சிதறிய சிறு குழுக்களுக்கு இடையே வெருண்டோடும் மாடுகள் புகுந்துவிட்டபின், அணி என ஒன்று இருப்பதில்லை. சுடுவதற்குத் திறந்த வெளியும் இல்லை. தாம் காத்த மாடுகளே காவலரின் அணியைக் குலைத்தன. பிரெஞ்சுப் படை வந்து சேர்ந்து உயிருடன் எஞ்சியோரைச் சிறைப்பிடித்ததால்தான் அவர்கள் வெட்டுண்ணாமல் தப்பினர். ஐரோப்பியக் காவலரில் இறந்தோர் போக ஏனையோர் அனைவரும் கைதாயினர். மூன்று போர்களிலும் லாரன்ஸ் இழக்காத அளவை இந்த ஒரு காலைப்பொழுதில் இழந்தார். ஐதர் அலி பின்னாளில், 1780-இல், சென்னையைச் சூழ்ந்த நாட்டைப் பாழாக்கி ஆங்கிலப் படைக்குத் தீனி கிடைக்காமல் செய்த உத்தியை, இவ்வெளியில் கற்றிருக்கலாம் என எண்ணுவதற்கு இடமுண்டு.

இதன்பின் வழித்துணைப் பணியின் சுமை பெரும்பாலும் சிப்பாய்ப் படைத்தலைவர் முகம்மது யூசுப்கானின் மீது விழுந்தது. மருதநாயகம் என நாம் அறிபவர் இவரே. வழிகளையும் ஊர்களையும் மனிதர்களையும் அறிந்திருந்தமையே அவருடைய மதிப்பு. எதிரிகளும் அதனை உணர்ந்திருந்தனர். லாரன்சின் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மைசூர்த் தரப்புடன் மறைவாகச் சேர்ந்து, யூசுப்கானைத் துரோகியாகக் காட்டும் போலிக் கடிதம் ஒன்று கிடைக்கும்படி செய்தார். சூழ்ச்சி வெளிப்பட்டது, அவர் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டார். கோட்டைத் தளபதியை விடுத்து, தானிய வரிசைக்கு வழிகாட்டுபவரை ஒழிக்கவே இத்துணை முயற்சி மேற்கொள்ளப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

அவ்வாண்டு மே மாதம் இன்னொரு வரிசையை எதிர்கொள்ளக் கலியோ என்னும் தளபதியின் தலைமையில் ஒரு படை இருளில் சென்றது. யூசுப்கான் முன்னணிக்கும் முன்னே குதிரையில் சென்றுகொண்டிருந்தார். சிறிய மேடொன்றில் ஏறும்போது அவருடைய குதிரை கனைத்தது. இருளுக்குள்ளிருந்து பல குதிரைகள் அதற்கு மறுமொழி கனைத்தன. தாம் காத்திருக்க எண்ணிய இடத்தில் எதிரிகள் ஏற்கெனவே பதுங்கியிருப்பது அதனால் தெரியவந்தது. விடிந்தபின் கடும் மோதல் நிகழ்ந்தது. கோட்டையிலிருந்து துணைப்படை வந்து சேர, படை போரிட்டுக்கொண்டே நகருக்குத் திரும்பியது. எத்தனை திறமையாகப் பதுங்கினாலும் குதிரையின் வாயைக் கட்ட இயலாது என்பது குதிரைப்படையின் இயல்பான குறை.

தொண்டைமானும் தஞ்சையும்

வரிசைகளை வழியில் அழிப்பதால் பயன் நிலைக்காது எனக் கண்ட எதிரிகள், அவை பிறக்கும் இடத்தையே அழிக்கத் துணிந்தனர். 1754-இல் பிரெஞ்சு, மைசூர்ப் படைகள் தொண்டைமான் நாட்டுக்குள் நுழைந்தன. குடிகள் மாடுகளையும் உடைமைகளையும் ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் சென்று மறைந்தனர். படையினர் கண்டவை வெற்று ஊர்கள். எரித்தனர்; ஆனால் உண்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை. குதிரைகளின் எண்ணிக்கை காட்டுப் பாதையில் வலிமையாகவன்றிச் சுமையாகவே அமைந்தது.

அடுத்து அவர்கள் தஞ்சையின் மீது திரும்பினர். கோவிலடியில் காவிரி நீர் கொள்ளிடத்தில் சென்று விழாதபடி தடுத்த கரையை வெட்டினர். கொள்ளிடம் தாழ்ந்தது; கரை உடைந்தால் தஞ்சையின் பாசன நீர் அவ்வழியே வடிந்து வீணாகக் கடலுக்குப் போகும். அரிசி மூட்டையை மறிப்பதிலிருந்து நெல்லுக்குப் பாயும் நீரை மறிப்பது வரை இப்போர் சென்றுவிட்டது. இப்போரில் மிகக் கொடிய செயல் எது என்று மாணவர்களைக் கேட்டால் சந்தா சாகிபின் கொலையைக் கூறுவர். நான் இதனையே கூறுவேன்.

தஞ்சை நாடு குதிரைப்படைக்கு ஏற்றதும் அன்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் கொள்ளைக்காக உள்ளே ஊடுருவிய ஒரு மராட்டியக் குதிரைப்பிரிவு, ஆறுகளில் நீர் பெருகிவிடவே, இரு கிளைகளுக்கு இடையே சிக்கிக்கொண்டது. மானோஜியின் படை அதனை அழித்தது. வயலும் வாய்க்காலும் சேறும் குதிரையின் விரைவைப் பறித்துவிடும். பின்னர் முராரி ராவே நேரில் வந்து தஞ்சைப் படையொன்றைத் தோற்கடித்தார் எனினும், நாட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர் எண்ணவில்லை. அவருக்கு வேண்டியது பணம். அது கிடைத்ததும் அவ்வாண்டிலேயே படையுடன் விலகிச் சென்றார். நஞ்சராஜரின் பக்கம் நின்று போரிட்டதற்கும் பணம், விலகிச் சென்றதற்கும் பணம்! சிலேதார்களின் கூலியும் குதிரைகளின் கொள்ளும் அவருக்கு நாள்தோறும் ஏறும் செலவு. அதனை யாரிடமிருந்தேனும் பெறாமல் படையை வைத்திருக்க இயலாது. முராரி ராவைப் பேராசைக்காரர் எனத் தீர்ப்புக் கூறுவோர் முன்னர்ப் போட்ட கணக்கை ஒருமுறை நோக்குதல் நன்று.

1754 ஆகஸ்டில் டூப்ளே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபரில் கும்பினிகளிடையே போர்நிறுத்தம் ஏற்பட்டது. நஞ்சராஜர் மட்டும் தம் படையுடன் திருவரங்கத்திலேயே தங்கியிருந்து, 1755-இல் மைசூருக்கே ஆபத்து நேர்ந்தபின்தான் புறப்பட்டார். மூன்றாண்டுகள் அயல்நாட்டில் குதிரைப்படையைத் தீனியிட்டு நிறுத்தியதில் மைசூர்க் கருவூலம் வறண்டது. 1758-இல் பல மாதக் கூலி பாக்கியிருந்த அவருடைய வீரர்கள் சீரங்கப்பட்டணத்தில் அவர் வீட்டு வாயிலில் தர்ணா இருந்தனர். அவர்களின் பாக்கியைத் தீர்த்து வைக்கும் பொறுப்பை ஏற்று முன்வந்தவர், கூத்தைப்பார் வழியில் பொதிமாட்டு வரிசையைத் தாக்கிய ஐதர் அலி. மூன்றாண்டுகளில் மைசூரின் அதிகாரம் அவர் கைக்கு வந்தது.